மாடித்தோட்டத்தில் செடி வாடினால் முதலில் காலண்டரைப் பாருங்கள்

"மிளகாய் இலை சுருண்டுடுச்சு, என்ன அடிக்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம் விதைத்தீர்கள்? சென்னைப் புறநகரில் ஒரு மொட்டைமாடியில் மண் நிரப்பிய ஐம்பது பை வைத்துக் காய்கறி போடுகிறேன், ரசாயன மருந்தும் உரமும் உள்ளே வருவதில்லை. இத்தனை வருடத்தில் வந்த தொல்லைகளை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் அந்தச் செடி அந்த மாதத்தில் அங்கே நின்றிருக்கவே கூடாது என்பதால் வந்தவை. மே மாதத்தில் தக்காளி பூ உதிர்த்தால் அது நோயில்லை. கார்த்திகை அடைமழையில் கொத்தமல்லி அழுகினால் அதுவும் நோயில்லை.

உங்கள் செடியில் எது தெரிகிறதோ நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். நான் சொல்லும் மாதக் கணக்கு சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களுக்கு. சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும், மீதி மாதங்களில் பெரும்பாலும் வெயில்தான். கோவை, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

விதை முளைக்கவில்லை

பாகல், புடலை, பீர்க்கு விதைகளுக்கு ஓடு தடிமன், ராத்திரி முழுக்க ஊறவைக்காமல் போட்டால் இரண்டு வாரம் ஆனாலும் அசையாது. கீரை விதையை ஆழமாகப் புதைத்தால் வராது, மணலோடு கலந்து தூவி மேலே மெல்லிசாக மண் போர்த்தினால் போதும். தூவிய மறுநாள் விதையே இல்லை என்றால் எறும்பு தூக்கிப் போய்விட்டது. பை ஓரத்தில் கொஞ்சம் அரிசி ரவையைத் தூவிவிடுங்கள், எறும்பு அதைச் சுமந்துகொண்டு விதையை விட்டுவிடும். பழைய பொட்டலத்தில் சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள், ஆறு விதையாவது முளை விட்டால் தைரியமாகப் போடலாம். சித்திரை வைகாசியில் என்றால் மேல்மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும், முளைவிட்ட விதை அப்படியே கருகும், நனைத்த சாக்கு ஒன்றை மேலே போட்டு முளை தலைகாட்டிய அன்றே எடுத்துவிடுங்கள்.

முளைத்த நாற்று கழுத்தில் சுருங்கிச் சாய்கிறது

நாற்றழுகல். ஐப்பசியில் இது வராத நாற்றங்காலே இல்லை. நெருக்கமாகத் தூவியது, தினமும் பூவாளியில் ஊற்றியது, மேலே மழை, மூன்றும் சேர்ந்தால் இரண்டே நாளில் தட்டு காலி. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, அதைச் சுற்றியுள்ள மண்ணோடு வழித்து எடுத்துவிட்டு மீதித் தட்டை மழை படாத, காற்று வரும் இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை விதைக்கும்போது விதை நேர்த்தி செய்யுங்கள்: ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை 4 கிராம், இல்லையென்றால் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா 10 கிராம். நம்மிடம் இருப்பது ஒரு கைப்பிடி விதை, அதற்கு ஒரு சிட்டிகை, சோறு வடித்த கஞ்சியில் குழைத்துப் புரட்டி நிழலில் உலர்த்தினால் முடிந்தது.

இலை மஞ்சளாகிறது

எல்லோரும் உடனே உரம் வைக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுங்கள், எந்த இலை என்று பாருங்கள்.

அடியில் இருக்கும் வயதான இலைகள் மொத்தமாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டுக் கிளறிவிட்டால் பத்து நாளில் தெளியும். நுனியில் இருக்கும் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை. போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் வீடுகளில் இது சாதாரணம், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அங்கே எத்தனை உரம் கொட்டினாலும் வீண். மழைநீரைச் சேமித்து அந்தச் செடிகளுக்கு மட்டும் ஊற்றுங்கள், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது, அதில் உப்பே கிடையாது.

மழைக்காலத்தில் செடி முழுக்க மஞ்சளானால் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். சொதசொத என்று இருந்தால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. பையின் அடி ஓட்டையை வேர் அடைத்திருக்கும், பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து ஒரு கம்பியால் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, நான்கு துளை போடுங்கள். கலங்கிய பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்போதுதான் உள்ளே எவ்வளவு நின்றிருந்தது என்பது புரியும். மழை விட்டு மண் பொலபொலத்த பிறகு உரம் வைத்துக்கொள்ளலாம். நின்ற தண்ணீரில் வைக்கும் உரம் வேருக்குப் போகாது, மாடித் தரைக்குத்தான் போகும்.

மிளகாய் இலை சுருள்கிறது

மேல்நோக்கி, படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி சுருண்டு காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இலைப்பேன் வறண்ட வெயிலில் பெருகும். பேர் வேறானாலும் வீட்டுத் தோட்டத்தில் முதல் வேலை ஒன்றுதான்: காலையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், ஒரு வாரம் தொடர்ந்து. பாதி அதிலேயே போய்விடும். அப்புறம் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மி.லி. முதலில் கொஞ்சம் காதி சோப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு எண்ணெயை ஊற்றிக் குலுக்குங்கள், வரிசை மாறினால் எண்ணெய் தனியாக மிதந்து இலையைக் கருக்கிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள், ஐந்தாறு நாளில் இன்னொரு முறை. ஏற்கெனவே சுருண்ட இலை விரியாது, புதுத் துளிர் நேராக வந்தால் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம்.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலை

இதற்கு மருந்து கிடையாது. நரம்புத் தேமல், வைரஸ், பரப்புவது வெள்ளை ஈ. மனசு கேட்காமல் வைத்திருந்தால் பக்கத்து வெண்டையும் போகும். விடியற்காலையில், ஈ சோம்பலாக இருக்கும்போதே, செடி மேல் ஒரு பழைய பையைக் கவிழ்த்து ஈயோடு சேர்த்துப் பிடுங்கி எடுத்துவிடுங்கள். வெள்ளை ஈ மாசியிலிருந்து ஏறும், அதனால் மஞ்சள் ஒட்டுப்பொறியை அதற்கு முன்பே கட்டிவையுங்கள். அர்கா அனாமிகா ரகத்தை இந்த நோயைத் தாங்கும் என்றுதான் வெளியிட்டார்கள், இப்போது அதிலும் தேமல் வருகிறது, ஆகவே ரகத்தை மட்டும் நம்பாதீர்கள்.

செம்பருத்தி, பப்பாளி, கத்தரியில் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. கோடையில் வெடிக்கும், நல்ல மழை ஒன்று பெய்தால் கரைந்து போகும். அதனால் பங்குனியில் ஒரு காம்பில் பார்த்தவுடன் கையால் நசுக்குங்கள், வைகாசி வரை விட்டால் செடியே வெள்ளையாகிவிடும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சியை நெருங்க விடாது. செடி சுவரைத் தொடாமல், அடித்தண்டில் வேப்பெண்ணெய் தடவிய துணியைச் சுற்றி எறும்பைத் தடுத்தாலே பாதிப் போர் முடிந்தது.

ஆனால் தெளிப்பானை எடுக்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து கூர்ந்து பார்க்கச் சொல்கிறேன், இதை மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தின் நடுவே மாவுப்பூச்சியைவிட மூன்று மடங்கு பெரிதாக, மெழுகு நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு, ஒரு குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நடக்கும் ஒன்று இருக்கும். அது மாவுப்பூச்சி இல்லை. அதைத் தின்னும் பொறிவண்டின் புழு, வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறது. 1898ல் காப்பித் தோட்டங்களில் செதில் பூச்சியைப் பிடிப்பதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வண்டு இது, இன்று நம் மாடியிலும் வேலை செய்கிறது. ஆரம்பத்தில் நானும் "பெரிய மாவுப்பூச்சி" என்று நினைத்துத் தேடித்தேடி அதைத்தான் முதலில் நசுக்கினேன், அந்த வருடம் செம்பருத்தி கடைசி வரை தேறவில்லை. அதேபோல அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்திருக்கும்போது, சில அசுவினிகள் மட்டும் உப்பி, பழுப்பாக, காகிதம் போல உலர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், முதுகில் ஊசி முனையால் குத்தியது போல வட்ட ஓட்டை. அதிலிருந்து ஒரு குட்டிக் குளவி வெளியே போயிருக்கிறது. அப்படிப் பத்து கண்ணில் பட்டால் எதையும் அடிக்காமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

இது சின்ன மாடிக்கு மட்டும் பொருந்தும் கதையில்லை. 2008ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களை நாசமாக்கியது, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010ல் புவெர்ட்டோ ரிகோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பெருக்கி விட்டார்கள், அது அடக்கியது. மருந்துக்கடையில் தரும் குருணை மருந்தைப் பைக்குள் போட்டால் மாவுப்பூச்சியோடு இந்த நல்ல பூச்சிக் கூட்டம் முழுவதும் சாகும், வேர் வழியாக நாம் பறிக்கும் காய்க்குள்ளும் போகும். சமையலுக்குப் பறிக்கும் செடியில் குருணை வேண்டவே வேண்டாம்.

பூ நிறைய, காய் இல்லை

கொடி வகை என்றால் முதல் இரண்டு வாரம் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிர்வது இயல்பு. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். பெண் பூ வந்தும் பிஞ்சு சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை, கையால் சேர்த்துவிடலாம். இதில் நேரம்தான் எல்லாம். பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் விரியும், பூசணிப் பூ ஒன்பது பத்து மணிக்குள் மூடிவிடும். ஆனால் பீர்க்கும் சுரையும் சாயங்காலம் விரியும், புடலை இருட்டும் நேரத்தில். காலை ஏழு மணிக்குப் போய்ப் பீர்க்குப் பூவைத் தேடினால் வாடியதுதான் கிடைக்கும். ஆறு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள், ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றி எடுங்கள். மறுநாளே பிஞ்சின் காம்பு தடித்திருக்கும்.

துளசியையும் துலுக்கச் சாமந்தியையும் காய்ச்செடிகளுக்கு இடையில் நான்கு பையாவது வையுங்கள். கொசுத்தேனீ வர ஆரம்பித்துவிட்டால் காலைப் பூக்களுக்கு நம் கை தேவைப்படாது.

தக்காளி வேறு. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25க்குக் கீழே இறங்காத நாட்களில் அதன் மகரந்தம் உயிரற்றுப் போய்ப் பூ காம்போடு உதிரும். கத்திரி வெயிலில், அதாவது மே 4லிருந்து மூன்றரை வாரம், தேங்காய்ப்பாலும் மோரும் புளித்த தேமோர் கரைசலும் பஞ்சகவ்யமும் தெளித்துத் தெளித்துச் சோர்ந்து போனவர்களை எனக்குத் தெரியும். அவை நல்ல கரைசல்கள்தான், பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து கொடுத்தால் செடி தெளிவாக நிற்கும், ஆனால் இரவுச் சூட்டை அவற்றால் குறைக்க முடியாது. தக்காளி நாற்றை ஆவணி கடைசியில் விட்டு, புரட்டாசியில் நட்டு, மார்கழி தையில் பறியுங்கள்.

தக்காளியின் அடியில் கறுப்பு வட்டம்

சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள், அது மக்கி வேருக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் ரெண்டு வாளி ஊற்றுவதுதான் காரணம். தினமும் ஒரே அளவு ஊற்றி, மண் மேல் காய்ந்த இலை மூடாக்கு மூன்று விரல் கனத்துக்குப் போடுங்கள், அடுத்த கொத்தில் சரியாகிவிடும்.

பாகல், பீர்க்குப் பிஞ்சு வளைந்து, மஞ்சளாகி, உள்ளே புழுவோடு அழுகினால் அது பழ ஈ. பிஞ்சு சுண்டுவிரல் அளவு இருக்கும்போதே காகிதப் பை மாட்டிவிடுங்கள். விழுந்த காயைக் கம்போஸ்டில் போடாதீர்கள், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள்.

மதியம் வாடி, மாலையில் நிமிர்கிறது

மே மாதமென்றால் பயப்பட வேண்டாம், அது இலை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஐம்பது சதவீத நிழல்வலை கட்டி, காலையில் ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஒரு முறை தண்ணீர் விடுங்கள். மாலையில் ஒன்றைக் கவனியுங்கள்: மாடியில் கிடந்த பைப்புக்குள் நின்ற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை நேராகச் செடிக்குப் பிடித்தால் வேர் வெந்துவிடும். முதல் வாளியைப் பிடித்துத் தனியாக ஆறவைத்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் மாலையிலும் நிமிரவில்லை என்றால் வேரில் கோளாறு. கத்தரி, தக்காளியில் ஒரு தண்டை அடியில் சாய்வாக வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் தொடும்படி பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெண்மையாக ஒன்று கீழே இழைந்து இறங்கினால் பாக்டீரியா வாடல், செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், அந்தப் பையில் கத்தரி, தக்காளி, மிளகாய் மறுபடி வேண்டாம். நூல் இறங்காமல், பிடுங்கிப் பார்க்கும்போது வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் வேப்பம் புண்ணாக்கு கலந்து துலுக்கச் சாமந்தி ஒரு போகம் போட்டுவிட்டுத்தான் அடுத்தது.

பை ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூக்கிறது, இலை விளிம்பு கருகுகிறது

ஆர்ஓ கழிவு நீரை ஊற்றினீர்களா? வீணாக்க மனமில்லாமல் நிறையப் பேர் செய்வது இது, குடிநீரிலிருந்து பிரித்த உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது. மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார்க்கட்டியைக் கழுவாமல் கலந்தாலும் இதே அறிகுறிதான் வரும், மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் மண்ணில் சேர்க்க வேண்டும். இருக்கிற உப்பை ஐப்பசி மழை கழுவிக்கொண்டு போகும், ஓட்டை மட்டும் திறந்திருக்கட்டும்.

கம்போஸ்ட் தொட்டி நாறுகிறது

ஈரம் அதிகம், காய்ந்தது குறைவு. ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, அது இல்லையென்றால் கிழித்த அட்டைப்பெட்டி, போட்டுக் கிளறிவிடுங்கள், இரண்டு நாளில் நாற்றம் அடங்கும். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் அவை கெடுதல் செய்யாது, கழிவை வேகமாகத் தின்னும், கோழி வளர்ப்பவர்களிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். காய்ந்த இலையைப் பங்குனியிலேயே சாக்கில் சேர்த்து வையுங்கள், மழைக்காலத்தில் தேடினால் கிடைக்காது.

மாடியில் தண்ணீர் நிற்கிறது, பந்தல் ஆடுகிறது

ஐப்பசி பிறப்பதற்குள் செய்ய வேண்டியது. நனைந்த பை கோடைக்கால எடையைவிடப் பல கிலோ கூடும், அதனால் பைகளைக் கீழ்வீட்டுச் சுவரும் உத்தரமும் தாங்கும் இடங்களில் வரிசையாக வையுங்கள், நடுத்தளத்தில் குவிக்காதீர்கள். வடிகுழாய் வாயில் வலை போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பந்தலில் நான்கு மூலையும் நின்றது, கொடியை வலையோடு சேர்த்துக் கட்டாததால் கொடி மட்டும் அறுந்து போனது. எச்சரிக்கை வந்தவுடன் காய்த்து முடியும் கொடிகளைப் பாதியாக வெட்டிவிடுங்கள், காற்று பிடிக்க இலை இல்லாவிட்டால் பந்தல் தப்பும். பைக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள், அந்த அரை அங்குலத் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

ஒரு மாதம் கொட்டுகிறது, அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை

எல்லாப் பையிலும் ஒரே நாளில் விதைத்திருக்கிறீர்கள். ஆடியில் வெண்டை, அவரை, கொத்தவரை, பாகல், பீர்க்கு. புரட்டாசியில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றை நடுங்கள், மழை தணிந்து மார்கழியில் முள்ளங்கி, கொத்தமல்லி, ஆசை இருந்தால் முட்டைக்கோஸ். தையில் வெள்ளரி, பூசணி, மறுபடி வெண்டை. கீரைக்குக் காலமே இல்லை, ஆனால் சிறுகீரை இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும், அதனால் மூன்று பை ஒதுக்கி எட்டு நாளுக்கு ஒரு பை என்று தூவுங்கள். அடைமழை மாதத்தில் மட்டும் தண்டுக்கீரைக்கும் அரைக்கீரைக்கும் இலையடியில் வெள்ளைக் கொப்புளம் வரும், அப்போது முருங்கைக் கிளையோடும் பொன்னாங்கண்ணியோடும் சமாளித்துக்கொள்ளலாம்.

சித்திரையில் பாதிப் பைகளைக் காய்க்காகப் பிடித்து வைத்துத் தண்ணீரை வீணாக்க வேண்டாம். பழைய மண்ணை மாடியில் கொட்டிப் பரப்பி, கத்திரி வெயிலில் பத்து நாள் புரட்டிப் புரட்டிக் காயவிடுங்கள். மீதிப் பையில் பசுந்தாள் உரத்துக்காகத் தட்டைப்பயறும் தக்கைப்பூண்டும் கலந்து தூவி, பூ வைக்கும் முன் அடியோடு நறுக்கி அதே மண்ணில் மடித்துவிடுங்கள். காய்ந்த மண்ணையும் அதில் கலந்து, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, ஈரம் குறையாமல் சாக்கால் மூடி மூன்று வாரம் நிழலில் வையுங்கள். ஆடி பிறக்கும்போது சாக்கை விலக்கினால் தழை தெரியாது, மழை பெய்த காட்டு மண் வாசனை வரும், அன்றைக்கே வெண்டை விதையை ஊற வைக்கலாம்.